முள்ளெல்லாம் எடுத்தாச்சு

என் அருமை உம்மாவுக்கு, உங்கள் முந்தானைக்குப் பின்னால் நின்று வாய் திறக்காமலே வளர்ந்த மகளின் ஸலாம்.

மண்ணுக்குள் நீங்கள் இருக்கும் கபுருக்குத் தபால்காரர் வரமாட்டார். அடுத்த வீட்டு ஜைனம்பு அக்காவின் வீட்டுக்காரர் அச்சுக்கூடத்தில் வேலை பார்க்கிறாரல்லவா, அவர்தான் பத்திரிகையில் இடம் வாங்கித் தருகிறேன் என்றார். தெருவில் நம் வீட்டைப் பற்றி ஆளுக்கு ஒன்று பேசுகிறார்கள். நடந்ததை நடந்தபடி எழுதிவிடு என்று அக்கா சொன்னார். வாயால் சொல் என்றால் என்னால் ஆகாது, உங்களுக்குத் தெரியும். எழுத்துக்கு மூச்சு முட்டாது.

முதலில் நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். வாப்பா சாப்பிட்டாரா என்று கேட்பீர்கள். அதற்கும் முன்னால், பெலாங் சாப்பிட்டதா என்று கேட்பீர்கள். சாப்பிடவில்லை, உம்மா. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

படிக்கிறவர்களுக்கு நம் பூனை பெலாங்கைத் தெரியாது. உடம்பெல்லாம் வரி, அதனால் மலாய்க்காரர்கள் வரிக்குச் சொல்லும் சொல்லையே பெயராக வைத்தீர்கள். வால் நுனி கதவுக் கொக்கி மாதிரி மடங்கியிருக்கும். ஒரு மழையில் பின்சந்திலிருந்து தானாக உள்ளே வந்து, அடுப்படியில் ஈரம் உலர்த்திக்கொண்டு, அதன்பிறகு போகவில்லை. சந்தில் மீன் தலைகள் கிடக்கும், தொடாது. அண்டை வீட்டார் வைக்கும் கறிச் சோற்றை மோந்து பார்த்துவிட்டு, பின்னங்காலால் மண் தள்ளி மூடுகிற மாதிரி செய்துவிட்டு வரும். அதற்கு உங்கள் கைச் சோறுதான் வேண்டும்.

அந்தச் சோறு எளிதானதல்ல. கெம்போங் மீன் அன்று பிடித்ததாக இருக்க வேண்டும். உப்பும் வெங்காயமும் கிட்டே வரக்கூடாது. ஒரு சிட்டிகை மஞ்சள் மட்டும் போட்டு அவிப்பீர்கள். மீனை எடுத்து ஆறவைத்துவிட்டு, தலையை மட்டும் அந்தத் தண்ணீரிலேயே இன்னும் ஒரு கொதி விடுவீர்கள். பானையின் அடியில் குழைந்து கிடக்கும் சோற்றை வழித்து, முள் எடுத்த மீனைச் சேர்த்து, விரல் நுனியால் பிசைந்து, கடைசியில் அந்தச் சாற்றை விடுவீர்கள். சுட்டாலும் தின்னாது, ஆறினாலும் தின்னாது. தட்டில் வைக்கக் கூடாது, நகரும்போது தகரம் சத்தம் போடும். அகலமான தேங்காய்ச் சிரட்டை ஒன்றைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கி வைத்திருந்தீர்கள்.

வாப்பா கேலி செய்வார். "இது பூனையா, மாப்பிள்ளையா? எனக்கு இந்த மரியாதை கெடைக்கலயே."

"மாப்பிள்ளைக்கும்தான் முள்ளு எடுத்துத் தர்றேன். அது தின்னுட்டு என் காலத் தடவுது. நீங்க என்ன பண்றீங்க?"

வாப்பா கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை தொண்டையில் முள் சிக்கிச் செத்துப் பிழைத்தாராம். அன்றிலிருந்து மீன் என்றால் ஆசை, முள் என்றால் நடுக்கம். அதனால் நம் வீட்டில் பகல் சோற்றுக்கு முன்னால் எல்லா மீனிலும் முள் எடுக்கும் வேலை நடக்கும். ளுஹர் தொழுதுவிட்டு, புகையிலைக் கடையைப் பாதிக் கதவு சாத்திவிட்டு, வாப்பா வந்து முன்னறையில் உட்காருவார். நீங்கள் அடுப்படி வாசலில் நின்று ஒரு குரல் கொடுப்பீர்கள்: "முள்ளெல்லாம் எடுத்தாச்சு. பிஸ்மி சொல்லி உக்காருங்க." முன்னாலிருந்து வாப்பா வருவார். பின் மதிலிலிருந்து பெலாங் குதிக்கும். இரண்டு பேருக்கும் ஒரே அழைப்பு.

எனக்கும் சேர்த்து நீங்களே பேசினீர்கள். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்க எழுப்பி விட்டால் எனக்குத் தொண்டை அடைத்துப்போகும், எல்லாப் பிள்ளைகளும் சிரிப்பார்கள், நான் வீட்டுக்கு ஓடி வருவேன். பெரிய மனுஷியானதும் நிறுத்தத்தானே போகிறோம் என்று என் படிப்பை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். நீங்கள் மட்டும் சொன்னீர்கள், "கொரல் எங்கயும் ஓடிப்போவாது. உள்ள உக்காந்திருக்கும். வேண்டிய அன்னிக்கி வரும்." அது வரவேயில்லை. தேவை என்ன? நான் உங்கள் முகத்தைப் பார்த்தால் போதும், நீங்கள் மற்றவர்களிடம் சொல்லிவிடுவீர்கள். என் குரல் எப்படி இருக்கும் என்று தெருவில் யாருக்கும் தெரியாது. எனக்கே சரியாகத் தெரியாது.

பிறகு காய்ச்சல் வந்தது. உங்களுக்குத் தெரியாததை எழுத வேண்டியதில்லை.

மையத்து எடுத்த வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியக்கூடாது என்று தெருவே சோறு அனுப்பியது. நெய்ச்சோறு, ஆட்டுக்கறி, பருப்பு, எல்லாம் வந்தது. பெலாங் எதையும் தொடவில்லை. "வாயில்லா ஜீவன், அதுக்கும் துக்கம் இருக்குமுல்ல" என்று பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நாலாம் நாள் நான் அடுப்பு மூட்டி, நீங்கள் செய்கிற மாதிரியே, மஞ்சள் முதல் சாறு வரைக்கும் செய்து, அதே சிரட்டையில் வைத்தேன். வந்தது. மோந்தது. சாப்பிடவில்லை.

அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். நீங்கள் அடுப்புக்கும் அம்மிக்கும் நடுவில் நிற்பீர்களே, அந்த இடத்துக்குப் பெலாங் போனது. அண்ணாந்து பார்த்தது. உங்கள் முகம் இருக்கிற உயரம் அது. பிறகு உடம்பைச் சாய்த்துத் தேய்த்தது, உங்கள் காலில் தேய்க்கிற மாதிரி. அங்கே சுவரில்லை, தூணில்லை, ஒன்றுமில்லை. சாய்ந்தால் விழ வேண்டும். அது விழவில்லை.

வெளியே உச்சி வெயில். கிணற்றடியில் யாரோ துணி துவைக்கிற சத்தம். தூரத்தில் டிராம் மணி. இதெல்லாம் இருக்கும்போது எப்படி உம்மா எனக்கு முதுகு அவ்வளவு சில்லிட்டது?

அதன்பிறகு ஒவ்வொரு பகலும் அதேதான். சிரட்டையை வைப்பேன். அது உங்கள் இடத்தைப் பார்க்கும். காது இரண்டும் முன்னால் திரும்பும், யாரோ ஏதோ சொல்லத் தொடங்குவதைக் கேட்கிற மாதிரி. வாயைத் திறக்கும், சத்தம் வராது. பிறகு என்னைப் பார்க்கும். காத்திருக்கும். நான் என்ன தர மறந்தேன் என்று எனக்குப் புரியவில்லை.

ஜைனம்பு அக்கா தினமும் ஒரு யோசனையோடு வந்தார். நெத்திலி வறுத்துப் பொடித்துத் தூவச் சொன்னார். ஆட்டு ஈரல் கொண்டுவந்தார். தேங்காய்ப் பால் விட்டுப் பார்த்தோம். ஒரு நாள் இறால் உரித்து வைத்தோம். பெலாங் பின்னங்காலால் தரையைப் பறண்டியது.

"இது பூனையா, கவர்னரா? நான் கட்டுனவரு என் கையால எதப் போட்டாலும் திம்பாரு லா. இதுக்கு இறால் பத்தல!" என்றார் அக்கா. பிறகு அது அண்ணாந்து பார்ப்பதைப் பார்த்துவிட்டார். சிரிப்பு நின்றது. "ஏ புள்ள, அது எங்க பாக்குது?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஈரல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்துதான் தெருவில் பேச்சு.

பெலாங் இளைத்தது. உடம்பில் வரியும் வரியும் நெருங்கி வந்தன. தண்ணீர் மட்டும் குடித்தது. சந்தில் எலியோ பல்லியோ தின்றிருக்கும், இல்லாவிட்டால் உயிர் இருந்திருக்காது. வாப்பாவும் அப்படித்தான். துறைமுகத்துப் பக்கம் காவடி மாதிரிக் காண்டார் தூக்கிச் சோறு விற்பவர்களிடம் ஏதோ வாங்கித் தின்றுவிட்டு வருவார். வீட்டில் மீன் வைத்தால் தொடமாட்டார். நான் முள் எடுத்துத்தான் வைப்பேன். எடுத்தாயா என்று அவர் கேட்கமாட்டார், எடுத்தேன் என்று நான் சொல்லமாட்டேன். சோறு இருக்கும், அவர் எழுந்து போய்விடுவார்.

வாப்பாவின் அக்கா, மாமி, கடலுக்கு அக்கரையில் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வந்து நம்மோடு இருந்தார். நல்லவர்தான், ஆனால் அடுப்படிக்குள் தனியாக வரமாட்டார். நாற்பது நாள் வரை இறந்தவரின் ரூஹு வீட்டுக்கு வந்து போகும் என்று அவருக்கு நம்பிக்கை.

"மவுத்தான வூட்டுல பட்டினி கெடக்குற பூனை நல்லதில்ல தம்பி" என்று வாப்பாவிடம் சொன்னார். "ஒண்ணு திங்கணும், இல்ல போவணும். நாப்பது ஃபாத்திஹா முடியட்டும். நான் போறப்ப கோணியில போட்டு அக்கரைக்குக் கொண்டுபோறேன். அரிசி ஆலையில உட்டா எலி திங்கும். தண்ணி தாண்டுன பூனை திரும்பாது."

வாப்பா என்னைப் பார்த்தார். நான் அழுதேன், ஆனால் வேண்டாம் என்ற ஒரு சொல் வரவில்லை. நீங்கள் இருந்திருந்தால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பீர்கள். "எலி தின்னு பொழைக்கட்டும்" என்றார் வாப்பா. எலி ஆலை முழுவதும் இருந்தாலும் அது இப்படியே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டு செத்துப்போகும் என்று எனக்குத் தெரிந்தது. யாரிடம் சொல்வேன்? உங்களை அப்படிப் பார்க்கிற கண் அது ஒன்றுதான் இந்த வீட்டில் மிச்சம்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா நன்றாக நடந்தது. உங்களுக்குப் பிடித்த வட்டலப்பம் வைத்து ஓதினார்கள். நீங்கள் மணம் அறிந்தீர்களா?

மறுநாள் பகல் மாமி புறப்பட வேண்டும். வாசல் நடையான அஞ்சடியில் ரிக்‌ஷா காத்திருந்தது. அடுப்படி வாசலில் கோணிப்பை விரித்துக் கிடந்தது. மாமி முன்னறையில் வாப்பாவோடு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். நான் கடைசித் தடவையாக மீன் அவித்தேன். ஒவ்வொரு முள்ளாக நிதானமாக எடுத்தேன். சிரட்டையை வைத்தேன். பெலாங் எழுந்து, கால் தடுமாறி, உங்கள் இடத்துக்குப் போய்ச் சாய்ந்தது. அண்ணாந்தது. காதைத் திருப்பியது. வாயைத் திறந்து மூடியது. பிறகு என்னைப் பார்த்தது.

நாற்பது நாளும் அது கேட்டது அப்போதுதான் எனக்குக் கேட்டது. நாங்கள் மீனை மாற்றினோம், சாற்றை மாற்றினோம், சூட்டை மாற்றினோம். பிஸ்மி சொல்லாமல் நம் வீட்டில் யாருக்கும் சோறு வைத்ததில்லை. அதை உட்காரச் சொல்லி யாரும் கூப்பிடவேயில்லை. ஊமை மாதிரிச் சோறு வைத்தால் நம் வீட்டில் வளர்ந்தது எப்படித் தின்னும்?

சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் அடைத்த மாதிரியே அடைத்தது. நான் கோணியைப் பார்த்தேன். அடைப்பு விட்டது.

"முள்ளெல்லாம் எடுத்தாச்சு. பிஸ்மி சொல்லி உக்காருங்க."

உம்மா, அது என் குரல் இல்லை. உங்களுடையது. கொஞ்சம் கரகரப்பு, 'எடுத்தாச்சு'வில் ஒரு இழுப்பு, 'உக்காருங்க'வில் ஒரு சிரிப்பு. எல்லாம் அப்படியே. என் தொண்டைதான் அதிர்ந்தது, என் உதடுதான் அசைந்தது. ஆனால் சத்தம் எனக்குப் பின்னாலிருந்து வந்த மாதிரி இருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். அடுப்பு, அம்மி, வெயில்.

பெலாங் உங்கள் இடத்தை ஒரு தடவை பார்த்தது. என்னை ஒரு தடவை பார்த்தது. குனிந்து தின்னத் தொடங்கியது.

முன்னறையில் வெற்றிலைப் பெட்டி விழுந்து பாக்கு உருண்டு ஓடுகிற சத்தம். பிறகு வாப்பாவின் காலடி, ஓடவும் இல்லை நடக்கவும் இல்லை. அடுப்படி வாசலில் நின்றார். என்னைப் பார்க்கவில்லை, என் தோளுக்கு மேலே பார்த்தார், பெலாங் பார்க்கிற அதே உயரத்தில். பிறகு தம் இடத்தில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வீட்டில் பூனைக்கு அவித்த மீன் மட்டும்தான் இருந்தது. உப்பில்லாத அந்த மீனை வைத்தேன். முள் இருக்கிறதா என்று விரலால் தேடாமல் முழுக்கச் சாப்பிட்டார். "உப்பு?" என்றுகூடக் கேட்கவில்லை.

மாமி முன்னறையிலிருந்தே கத்தினார். "யா அல்லாஹ்! தம்பி, அந்தப் பூனை இங்கேயே இருக்கட்டும். நான் வர்றேன். அந்தக் கோணியும் எனக்கு வேணாம்!" ரிக்‌ஷாக்காரர் அப்படியொரு அவசரத்தைப் பார்த்திருக்கமாட்டார்.

அன்றிலிருந்து பெலாங் தின்கிறது. வரிகள் மறுபடி விலகியிருக்கின்றன. வாப்பாவும் பகலில் வீட்டில்தான் சாப்பிடுகிறார். பின்சந்தில் பெண்கள் ளுஹர் முடிந்ததும் வேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கிறார்கள். ஜைனம்பு அக்கா, "நீ கூப்புடுறப்ப எனக்கே பசிக்குது லா, பயமாவும் இருக்குது" என்கிறார்.

ஒன்று மட்டும் உங்களிடம் கேட்க வேண்டும். அந்த ஒரு அழைப்புதான் உங்கள் குரலில் வருகிறது. மீன்காரரிடம் "ரெண்டு மீனு" என்று போன மாதம் முதன்முதலாகச் சொன்னேன். அது வேறு குரல். மெல்லியது, புதிது, உடைகிற மாதிரி. அதுதான் என்னுடையதாக இருக்க வேண்டும். அப்படியானால் பகலில் என் வாயில் வந்து போவது யார்? அது வரும் நேரத்தில் நான் எங்கே நிற்கிறேன்?

வாப்பா ஒரு நாள் சாப்பிட்டு முடித்த பிறகு, கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொரு தடவ சொல்லும்மா" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டேன். முள் எடுக்காமல் முள் எடுத்தாச்சு என்று சொல்வது பொய்யல்லவா? அவருக்கும் புரிந்தது. எழுந்து கை கழுவினார். ஆனால் உம்மா, நான் மறுத்தது பொய்க்காக மட்டும் இல்லை. சோறில்லாமல் கூப்பிட்டால் யார் வருவார்களோ என்று பயம்.

இனி எழுதுவதை ஜைனம்பு அக்காவிடமும் சொல்லவில்லை. இந்தப் பத்திரிகையில்தான் அவரும் படிப்பார், வாப்பாவும் படிப்பார்.

போன வெள்ளிக்கு முந்தின நாள், மீன் வருவதற்கு நேரமாகிவிட்டது. அவித்து இறக்கி மூடி வைத்தேன். பாங்கு சொல்லிவிட்டார்கள், தொழுதுவிட்டு வந்து முள் எடுக்கலாம் என்று உள்ளறையில் பாய் விரித்தேன். தக்பீர் கட்டிய பிறகு பேசக்கூடாது, திரும்பிப் பார்க்கக்கூடாது, உங்களுக்குத் தெரியும், நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். வாப்பா பள்ளியிலிருந்து வந்து முன்னறையில் உட்கார்ந்த சத்தம் கேட்டது. நான் கடைசி இருப்பில் இருந்தேன். விரல் முழங்காலில்.

அடுப்படியிலிருந்து கேட்டது. "முள்ளெல்லாம் எடுத்தாச்சு. பிஸ்மி சொல்லி உக்காருங்க."

என் உதடு ஓதலில் இருந்தது. என் தொண்டை அதிரவில்லை. மதிலிலிருந்து பெலாங் குதித்தது. வாப்பாவின் காலடி அடுப்படிக்குப் போயிற்று. சிரட்டை தரையில் நகர்கிற சத்தம். நான் தொழுகையை முறிக்கவில்லை. தொழுகை முடிக்கிற முறைப்படி வலப்பக்கம் ஸலாம் கொடுத்தேன். இடப்பக்கம் ஸலாம் கொடுத்தேன். இடப்பக்கம்தான் அடுப்படி.

போய்ப் பார்த்தபோது இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாப்பா தலை நிமிராமல், "இன்னிக்கி நல்லா சத்தமா கூப்புட்ட" என்றார். அம்மி ஓரத்தில் வாழை இலைத் துண்டில் முள் குவிந்திருந்தது, நடுமுள் அடியில், சின்ன முள் மேலே. தொழப் போவதற்கு முன்னால் நானே எடுத்துவிட்டு மறந்தேனா? பாதித் தூக்கத்தில் செய்கிற வேலை மாதிரி கை தானாகச் செய்ததா? அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் என் விரலை மோந்து பார்த்தேன், உம்மா. தொழுகைக்குக் கை கழுவிய ஒளுவின் தண்ணீர் வாசம்தான் இருந்தது.

வாப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் வயிறு நிறையச் சாப்பிட்டார். அவரே இதைப் படிக்கும்போது தெரிந்துகொள்ளட்டும். பயந்து எழுந்து போகமாட்டார் என்று நினைக்கிறேன்.

எனக்குப் பயம் இருக்கிறது. அதை மறைக்கவில்லை. ஆனால் கோணி விரித்துக் கிடந்த பகலில் எனக்குக் குரல் இல்லாதபோது நீங்கள் கொடுத்தீர்கள். நான் தொழுகையில் வாய் திறக்க முடியாதபோதும் இரண்டு பேரைப் பட்டினி போடாமல் பார்த்துக்கொண்டீர்கள். இது பேய் என்று தெரு சொல்லட்டும். நான் வீட்டு வேலை என்று நினைத்துக்கொள்கிறேன். எப்போதும் இரண்டு பேராகத்தானே செய்தோம்?

அதனால் இந்த வாக்கைத் தருகிறேன். மீன் அன்று பிடித்ததாக இருக்கும். உப்பு கிட்டே வராது. சிரட்டையை நான் தேய்த்து வைப்பேன். அடுப்புக்கும் அம்மிக்கும் நடுவில் எந்தச் சாமானும் வைக்கமாட்டேன், அந்த இடம் காலியாகவே இருக்கும். ஒரு பகல் நான் கூப்பிடலாம், ஒரு பகல் நீங்கள் கூப்பிடலாம். யார் கூப்பிட்டாலும், சோறு சுடாமலும் ஆறாமலும் இருக்கும்.

மீன்காரரிடம் இப்போது தயங்காமல் பேசுகிற,
அடுப்படியில் மட்டும் இன்னும் உங்களுக்குப் பின்னால் நிற்கிற,
உங்கள் மகள்.